உன் பையிலிருந்து நான் எடுத்த கையுறை

சரவணா,

மறுபடி கப்பலேறுவதற்கு முன் நாளை நடக்கப்போகும் மருத்துவச் சோதனையில், உன் வலது கையில் இரண்டு விரல்களுக்குச் சூடும் குளிரும் தெரிவதில்லை என்பதை நீ சொல்ல வேண்டுமா, வேண்டாமா? நேற்றுச் சாயங்காலம் விருதுநகரில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது இதைத்தான் நீ கேட்டாய். “யம்மா, டாக்டர் கேட்டா நான் என்ன சொல்ல? நீ சொல்லு. நீ சொல்றதயே செஞ்சிருதேன்.” நான் சொன்னது, “பஸ் வந்துருச்சு, பையை எடு.” பஸ் வரவில்லை. அது வருவதற்கு இன்னும் கால்மணி நேரம் ஆனது. அந்தக் கால்மணி நேரமும் நீ பையைக் கையில் தூக்கியபடியே நின்றாய், நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று நீ என்னைக் கேட்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்ல வராதது காகிதத்தில் வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. ஆனாலும் எழுதி, பக்கங்களைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். சோதனைக்குப் போகுமுன் படிப்பதும் படிக்காததும் உன் விருப்பம்.

அறிவுரை சொல்லும் அம்மாவாக நான் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். அளந்து பார்க்காத எதையும் நம்பாதே என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் எனக்குப் பேச்சு குறைந்துபோனது. நீ ஊருக்கு வந்த இரண்டாவது வாரம், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பால் பாத்திரத்தின் விளிம்பை வெறும் விரலால் பிடித்து இறக்கி வைத்தாயே, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ இறக்கி வைத்துவிட்டு ஏதோ பேசிக்கொண்டே திரும்பினாய். நடுவிரலிலும் மோதிரவிரலிலும் தோல் சிவந்து எழும்பியிருந்தது. நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். “அப்பாட்ட சொல்லாதம்மா” என்றாய். நான் சொல்லவில்லை. கப்பலில் நடந்ததை நீ சொன்னதோடு சரி, இனி அந்த இரண்டு விரல்களோடு என்ன செய்வது என்று மூன்று மாதமாக நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அப்பா அச்சகத்தில் காலண்டர் சீசன் ஓடுகிறது என்று விடிந்ததும் போய்விடுகிறவர். அவருக்கு இன்றுவரை தெரியாது.

உன் விரல்கள் எப்படி அப்படி ஆயின என்று நீ எனக்குச் சொன்ன கதையில் ஒரு இடம் தவறு. அதை நான் திருத்த வேண்டும். உள்ளே போடுகிற கம்பளிக் கையுறையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டதாக நீ சொன்னாய். இத்தனை நாளும் உன்னையே நீ திட்டிக்கொண்டாய். நீ மறக்கவில்லை. நீ சென்னையில் தேடி வாங்கி வந்த அந்த இரண்டு ஜோடியையும் பையிலிருந்து எடுத்தது நான். நீ குளிக்கப் போயிருந்தபோது எடுத்தேன். அந்த இடத்தில் பெரியம்மா தைத்துத் தந்த வெள்ளைப் பருத்திக் கையுறைகளை வைத்தேன். உன்னுடையவை இரண்டும் என் அலமாரியில், கல்லூரிப் பழைய வினாத்தாள்களுக்கு அடியில், இன்னும் அப்படியே இருக்கின்றன.

ஏன் எடுத்தேன் என்று சொல்கிறேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். உனக்கு வராது, நீயும் இந்த வீட்டில் வளர்ந்தவன். அந்தக் கையுறையின் ஓரத்தில் பாதி கம்பளி, பாதி செயற்கை நூல் என்று எழுதியிருந்தது. நீ போவதோ எண்ணெய்க் கப்பல். செயற்கை நூலையும் எரிகிற பொருளையும் ஒரே இடத்தில் வைத்து யோசிக்க நம் வீட்டு ஆட்களால் முடியாது. பட்டாசுக் கம்பெனி வாசலில் சேலைத் தலைப்பை விரலால் நசுக்கிப் பார்த்து, பருத்தி என்றால்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போகும்போது சுவரில் பதித்த செம்புத் தகட்டில் கை வைத்து, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் வெடிமருந்துப் பக்கம் போக வேண்டும். உன் பெரியம்மா, என் அக்கா, முப்பது வயதுக்குள் அதையே பத்து வருடம் செய்தவள். இன்றைக்கும் நம் வீட்டுக்கு வந்தால் கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுவிட்டுத்தானே உள்ளே வருகிறாள். நீ சின்ன வயதில் அதைப் பார்த்து நீயும் தொடுவாய். அவள் சிரிப்பாள்.

அவளுக்குக் கை வெந்த கதையை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறோம். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. நான் மதுரையில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவள் நான் ஒருத்திதான், அதற்கு மேல் படித்ததும் அக்கா வேலைக்குப் போனதால்தான். சொந்தத்தில் ஒரு கல்யாணம் முடிந்து, கட்டியிருந்த சேலையோடு நேராக வேலைக்குப் போய்விட்டாள். வாசலில் சோதிக்கிற அம்மாள் அன்றைக்கு வரவில்லை. நைலான் கலந்த சேலை. பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தபோது சின்னதாக ஒரு பொறி. பக்கத்தில் இருந்தது ஒரு கை மருந்துதான். வலது உள்ளங்கையில் பாதியும் மூன்று விரல்களும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். உள்ளங்கை எரிகிறது என்று அழுதாள். விரல்கள் எரியவில்லை என்றாள். “விரல் நல்லாயிருச்சு போல, புள்ள. அங்கன வலியே இல்ல” என்றாள் சந்தோஷமாக. கட்டுப் பிரித்த டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, வலிக்கிற இடம் பிழைத்துக்கொள்ளும், வலிக்காத இடத்தில்தான் ஆழமாக வெந்திருக்கிறது என்றார். நான் அக்காவிடம் போய், டாக்டர் நல்லதுதான் சொன்னார் என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நைலான் என்ற சொல்லே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு நீ பருத்தி சாக்ஸ்தான் போட்டாய். இந்தப் பயத்தோடுதான் உன் பையைத் திறந்தேன். பருத்தி இழை தண்ணீரை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏன் சீக்கிரம் விடாது என்று வருடாவருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவள் நான். அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை. வெம்பக்கோட்டை வெயிலில் வளர்ந்தவளுக்குத் துணி நனைந்தால் என்ன, கொடியில் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடும் என்பதுதான் ஞாபகம் வந்தது. குளிர் என்பதை நான் என் உடம்பில் அறிந்ததே இல்லை. மார்கழியில் விடியற்காலம் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். தெரியாத ஒன்றுக்கு, தெரிந்த ஒன்றிலிருந்து மருந்து எடுத்து வைத்தேன்.

மீதியை நீ சொன்னதிலிருந்துதான் நான் அறிவேன். போகப் போகக் கடல் கறுத்து, காற்று கத்தி மாதிரி ஆனதென்றாய். பையைத் திறந்து பார்த்தபோது பருத்திக் கையுறை மட்டும் இருந்தது. கம்பெனி கொடுத்த பெரிய ரப்பர் கையுறைக்குள் அதையே போட்டுக்கொண்டாய். மேல்தள ஆட்களுக்குத் தலைவரான போசன் தூத்துக்குடிக்காரர் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. நம் பேச்சுப் பேசுகிற ஒருவர் கூட இருக்கிறார் என்று. அவர் உன்னை முதல் நாளே பிடித்துக்கொண்டாராம். கேபினுக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் நீ கையுறையைக் கழற்றி, கைப்பிடிக் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டுப் போவதைப் பார்த்துவிட்டு, “ஏலே சிவகாசி, என்னல, கம்பிக்குச் சாமி கும்பிடுதியா? தோலு ஒட்டிக்கிடும்ல, பெறவு தோல அங்கன விட்டுட்டு நீ மட்டும் ஊருக்குப் போவ” என்றாராம். நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் பெரியம்மா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

குளிர் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டிய அன்று மூன்றரை மணி நேரம் வெளியே நின்றாய். மழையும் பனியும் கலந்து அடித்தது. கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கும்போதெல்லாம் ரப்பர் கையுறையின் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. உள்ளே இருந்த பருத்தி அதைக் குடித்து, உன் விரல்களைச் சுற்றி ஈரத் துணியாக ஒட்டிக்கொண்டு நின்றது. முதல் ஒரு மணி நேரம் விரல்கள் வலித்தன என்றாய். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு வலித்தன. பிறகு வலி நின்றுவிட்டது. “பழகிருச்சுன்னு நெனச்சேம்மா” என்றாய். அந்த இடத்தில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேனே, அதற்குக் காரணம் தாகம் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தி ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட குரலை மறுபடி கேட்டேன். வேலை முடிந்ததும் கையை நேரே கொதிக்கிற வெந்நீரில் வைத்தாய். சூடு தெரியாத கைக்கு எது அளவு என்று எப்படித் தெரியும். கொப்புளம் வந்தது. போசன் அந்த வெள்ளைக் கையுறையைப் பிழிந்து பார்த்து, “இது கிளவுஸால? பஞ்சு. காயத்துக்கு வைக்கிறத மாட்டிக்கிட்டு வந்துருக்க. எந்த மடையம்ல உனக்கு இதக் குடுத்தான்?” என்று கேட்டார். நீ, “எங்க பெரியம்மா தச்சது” என்றாய். நான் வைத்தது என்று உனக்குத் தெரியாது.

பிறகு அவர் தன்னுடைய பழைய கம்பளி ஜோடி ஒன்றைக் கொடுத்து, எப்படிக் கையைக் காப்பாற்றுவது என்று சொல்லித் தந்ததை நீ ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே வரிசையில்லாமல் சொன்னாய். நான் அதை மறக்கவில்லை. உள்ளே கம்பளி. மேலே தண்ணீர் புகாத உறை, அதுவும் உன் அளவுக்கு ஒன்று பெரியதாக, விரல் உள்ளே அசைய இடம் வேண்டும், இறுக்கினால் ரத்தம் ஓடாது. கையைத் தூக்கி வேலை செய்கிற நாளில் உறையின் வாய்க்கு மேல் சட்டைக் கை வர வேண்டும், மணிக்கட்டில் ஒரு பட்டை இறுக்கமாக. இன்னொரு ஜோடி உள்சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி, சூடாக இருக்க வேண்டும். நனைந்தது என்று தெரிந்த உடனே மாற்று, வேலை முடியட்டும் என்று இருக்காதே. நனைந்ததை எந்திர அறைக் குழாய்மேல் காயப்போடு. முடிச்சு அவிழ்க்க என்று கையுறையைக் கழற்றாதே, போனை எடுக்க என்று கழற்றாதே. விரல் வலித்தால் பயப்படாதே, அக்குளுக்குள் வைத்துக்கொள். விரல் வலிப்பது நின்றால், அப்போது பயப்படு, உள்ளே போ, யார் கத்தினாலும் போ. கடைசியாகச் சொன்ன இதைத்தான் நீ போகிற போக்கில் சொன்னாய். எனக்கு மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை மாதிரி இருந்தது. நான் பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். போசன் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. ஒருமுறை குளிரில் அடிபட்ட விரல் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அடிபடும் என்பதை மட்டும் அவர் உன்னிடம் சொல்லவில்லை. அல்லது சொல்லி, நீ என்னிடம் சொல்லவில்லை.

இனி நான் யாரிடமும் சொல்லாத பகுதி. கை வெந்து நாலு மாதம் கழித்து அக்கா மறுபடி வேலைக்குப் போகத் தயாரானாள். போவதற்கு முந்தின நாள் நான் வீட்டில் இருந்தேன். தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அவள் அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், “ஏ புள்ள, இந்த விரல்கள்ல ஒண்ணுமே தெரியல. தண்ணி சில்லுன்னு இருக்கா, இல்லையான்னு கூடத் தெரியல. போர்மேன்ட்ட சொல்லிரவா?” என்று கேட்டாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. “கேட்டாச் சொல்லு. கேக்காட்டி நீயா எதுக்குச் சொல்லணும்?” படித்த தங்கச்சி சொன்னால் அதில் ஏதோ சட்டம் இருக்கும் என்று அவள் நினைத்தாள். சட்டம் எதுவும் இல்லை. அவள் வேலை போனால் நான் தேர்வு எழுத முடியாது, அவ்வளவுதான் இருந்தது. மறுநாள் போர்மேன் அவளை வாசலில் நிறுத்தி, “கைய மடக்கு. நீட்டு. ம், போ” என்றிருக்கிறார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

தீபாவளி ஆர்டர் நெருங்கிய சமயம். கலர் மருந்தை மணி மணியாக உருட்டி, வெளியே மேடையில் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். சொல்லாமல் மழை வந்தது. எல்லாரும் ஓடிப்போய்ப் பாதி காய்ந்ததைத் தட்டுகளில் வாரிக்கொண்டு வந்து உள்ளே அடுக்கினார்கள். இதில் ஆபத்து என்ன என்று உனக்குத் தெரியும்: அலுமினியத் தூள் கலந்த மருந்து நனைந்தால் வெளியிலிருந்து நெருப்பே வேண்டாம், தனக்குள்ளேயே சூடேறும். அதனால் பழைய ஆட்கள் தட்டுத் தட்டாகக் கை வைத்துப் பார்ப்பார்கள். லேசாகக் கதகதப்பு தெரிந்தால் போதும், சத்தம் போட்டு எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குப் பழைய ஆள் அக்காதான். வழக்கமாக இடது கையால் பார்ப்பாளாம், யாருக்கும் தெரியாமல் அப்படிப் பழகிக்கொண்டாள். அன்று இடது கை தலைக்கு மேல் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. வலது கையை வைத்துப் பார்த்தாள். “குளுந்துதான் கெடக்கு” என்றாள். நான்கைந்து பேர் உட்கார்ந்து சேலையைப் பிழிய ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு அடுத்து உட்காரும் லட்சுமி மட்டும், ஒரு தட்டை நகர்த்தி வைக்கப் போனவள், “எக்கா, இது சுடுதுக்கா” என்றாள். அக்கா, “போடி, உனக்கு மழையில நனஞ்சு காய்ச்சல்” என்றாளாம். மறுபடி, “நெசமாத்தான்க்கா, சுடுது, எல்லாரும் எந்திரிங்க” என்று கத்தி, ஒவ்வொருத்தியாகப் பிடித்து வெளியே தள்ளியவள் லட்சுமிதான். அதனால் கடைசியாக வந்ததும் அவள்தான், அவள் வாசலைத் தாண்டுவதற்குள் தட்டுகள் வெடித்துவிட்டன. அவளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது போலத்தான். வெட்டி எடுக்கவில்லை. ஆனால் பாதம் திரும்பிக்கொண்டது.

லட்சுமி அத்தையை உனக்குத் தெரியும். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, நீ லீவில் வரும்போதெல்லாம் உன்னைச் சீண்டுவாளே. “என்ன மாப்ள, கப்பல்ல வேல பாக்கீகளாம்ல. எங்க ஆனைக்குட்டம் டேம்ல தண்ணி வந்தா ஒரு கப்பல் கொண்டாந்து விடுங்க, நாங்களும் ஏறிப் பாக்கோம். எனக்கு எப்படியும் நடக்க ஆகாது.” நீ அவளைப் பார்த்தால் முதலில் சிரிப்பாய், பிறகு அவள் காலைப் பார்ப்பாய். அக்காவும் அவளும் இன்றுவரை ஒரே முற்றத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறார்கள். அன்று அக்கா ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்று சொன்னாள் என்பது லட்சுமிக்குத் தெரியாது. மழை ஈரத்தில் ஏமாந்துவிட்டாள் என்றுதான் விசாரணையிலும் எழுதிக்கொண்டார்கள். அக்கா ஒரு முறை சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். அன்று எனக்கு வேலைக்கான உத்தரவு வந்திருந்தது, வீட்டில் எல்லாரும் இருந்தார்கள், லட்சுமியும் கம்பை ஊன்றிக்கொண்டு இனிப்புச் சாப்பிட வந்திருந்தாள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். சொன்னால் உன் வேலை போகலாம். நாலு வருடம் படித்து, பயிற்சிக்கு அலைந்து, கடலே இல்லாத ஊரிலிருந்து போய்ச் சேர்ந்த வேலை. சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றுமே ஆகாமல் இருக்கலாம். எத்தனையோ பேர் அப்படியே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஒருவேளை, கயிறு இழுபட்டு ஓடும்போது உன் கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று உனக்குத் தெரியாத ஒரு நொடி வரலாம். கயிற்றின் மறுபுறம் ஒருவர் நிற்பார். நான் அவரைத்தான் யோசிக்கிறேன், உன்னை யோசிக்க எனக்குத் துணிவில்லை. எனக்கு இதில் எது கூடுதல் என்று அளக்கத் தெரியவில்லை. என் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தை எதுவானாலும் அது ஏற்கெனவே ஒரு முறை வந்து, ஒருத்தியின் காலைத் திருப்பிவிட்ட வார்த்தை. “கேட்டாச் சொல்லு, கேக்காட்டி விட்டுரு” என்பதைத்தான் பஸ் நிறுத்தத்தில் என் நாக்கு தயாராக வைத்திருந்தது. அதை விழுங்கத்தான் பஸ் வந்துவிட்டது என்றேன்.

அதனால் நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நாளை எனக்குக் கல்லூரி உண்டு, விடுப்புச் சொல்லிவிட்டேன். ஊருக்குப் போய் லட்சுமியிடம் சொல்லப்போகிறேன். அக்காவைக் கேட்டுவிட்டேன். “இம்புட்டு வருசம் கழிச்சா?” என்றாள். பிறகு, “நீயே சொல்லு. எனக்குச் சொல்ல வராது” என்றாள். இதனால் எதுவும் சரியாகும் என்று நான் நம்பவில்லை. லட்சுமிக்கு இதைத் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் தெரிகிறது. எனக்கு ஆறுதல் தேடி அவளிடம் போகிறேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது. இருந்தாலும், உன்னிடம் ஒன்றைப் பேசுவதற்கு முன் நான் அங்கே போயிருக்க வேண்டும். போகாமல் இருந்ததால்தான் உன்னிடம் பேச முடியவில்லை.

நீ சாப்பிட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உன் பையின் அடியில், துண்டுக்குக் கீழே, உன்னுடைய அந்தக் கம்பளி ஜோடிகளை வைக்கலாமா என்று நேற்று நெடுநேரம் யோசித்தேன். வைக்கவில்லை. வைத்தால் போ என்று சொன்னதாக ஆகும். வைக்காததால் போகாதே என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. கேட்டால் அனுப்புகிறேன்.

அம்மா

மறுநாள் எழுதியது.

காலை ஏழு மணிக்கு நீ படித்ததாகப் போனில் தெரிந்தது. பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டாய். நான் அப்போது வெம்பக்கோட்டை பஸ்ஸில் இருந்தேன். டாக்டர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், “கையை மடக்குங்க, நீட்டுங்க” என்றார், முத்திரையை எடுத்தார் என்றாய். பக்கத்தில் யாரோ ஆட்டோவுக்குப் பேரம் பேசுவது கேட்டது. “சொல்லிட்டேன்” என்றாய். அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, ஊசியால் குத்திப் பார்த்து, இப்போதைக்குத் தகுதியில்லை, ஆறு மாதம் கழித்து வா, குளிர்க் கடலுக்கு இனிமேல் சந்தேகம்தான் என்று எழுதிவிட்டார். கம்பெனி அங்கேயே வேறு ஒரு பையனைக் கூப்பிட்டுவிட்டது. “இப்ப உனக்கு நிம்மதியாம்மா?” என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். சொல்லியிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் போனபோது அக்காவும் லட்சுமியும் முற்றத்தில் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். லட்சுமி, “வாங்க டீச்சரம்மா, காலேஜுக்கு மட்டம் போட்டாச்சா?” என்றாள். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்து சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. போர்மேனிடம் சொல்லிவிடவா என்று அக்கா கேட்டதும், நான் வேண்டாம் என்றதும், போர்மேன் கேட்காததும், வலது கையும். சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. லட்சுமி கையிலிருந்த காகிதத்தை ஒட்டி முடித்து, தட்டில் வைத்தாள். பிறகு முன்னால் சாய்ந்து அக்காவின் வலது கையைப் பிடித்து இழுத்து, நடுவிரல் நுனியில் தன் கட்டைவிரல் நகத்தை ஊன்றினாள். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். நகம் பதிந்து அந்த இடம் வெளுத்தது.

“தெரியுதா?”

“இல்லடி.”

அடுத்த விரலிலும் ஊன்றினாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கூடச் சுருங்கவில்லை. லட்சுமி கையை விட்டாள். சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பாதி உருட்டிய காகிதங்களைத் தட்டில் அப்படியே விட்டுவிட்டு, காலை இழுத்தபடி தெருவில் இறங்கிப் போனாள். நாங்கள் சாயங்காலம் வரை இருந்தோம். அவள் திரும்பி வரவில்லை.